கூட்டி வெட்டிய பலகை

பைன் மரத்தைச் சீவும்போது எழும் மணத்தில் எலுமிச்சம்பழத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும். பின்னேரத்தில் அந்த மணம் வந்தால் அப்பா கந்தோரில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து, கிணற்றடியில் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குள் நுழைந்துவிட்டார் என்று அர்த்தம். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவுக்கு, கப்பலில் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகைகள் கிடைக்கும். அவற்றை சைக்கிளில் குறுக்காகக் கட்டி, வழியில் வருகிறவர்களையெல்லாம் ஒதுங்க வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அப்பா தச்சர் அல்ல. அவர் செய்த, கால் நொண்டும் கதிரையில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு சீவுளி, இரண்டு வாள், சில உளிகள், ஒரு மூலைமட்டம், இவைதான் அவருடைய சொத்து. பாவித்த நேரத்தைவிட அவற்றைத் தீட்டிய நேரம் கூட. பலகைகளில் அச்சடித்திருந்த அந்நிய எழுத்துகளையும், மேல்நோக்கிய அம்புக்குறியையும், உடையும் பொருள் என்று காட்டும் கிண்ணப் படத்தையும் அவர் சீவி எடுக்கமாட்டார். எங்கள் புத்தகத் தட்டில் அந்தக் கிண்ணம் தலைகீழாக நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தைச் சரித்துத்தான் அதைப் பார்ப்பார்கள். "கந்தோரில பிழை விட்டா அழிச்சு எழுதலாம், பலகையில என்ன செய்வியள்?" என்று குசினி வாசலில் அகப்பையோடு நின்று அம்மா சீண்டுவா. அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு கோடு போடுவார்.

எனக்கென்று அவர் செய்த எதுவும் எனக்கு அளவாக இருந்ததில்லை. முக்காலியில் இருந்தால் கால் தரையில் முட்டாது. கட்டிலில் படுத்தால் கால்மாட்டில் இன்னொரு பிள்ளை படுக்கலாம். கேட்டால் ஒரே பதில்தான்: "வளருற பிள்ளை, கூட்டித்தான் வைக்கவேணும்." அந்தக் கால்மாட்டு இடத்தைப் பக்கத்து வீட்டு நிர்மலா தனக்கென்று எடுத்துக்கொண்டாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அங்கே குறுக்காகப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் ஏற்றி வைத்து, கோயிலில் யார் யார் என்னென்ன உடுத்து வந்தார்கள் என்று கதை சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் உயரப்படி வரிசை நிற்கும்போது நானும் அவளும் முன்னும் பின்னுமாக வருவோம். யார் முன்னே என்று தீர்மானிக்க முடியாமல் ஆசிரியை எங்கள் தலைகளில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, எப்படியாவது நில்லுங்கள் என்று விட்டுவிடுவார்.

அந்த வருடம் அப்பா எனக்குப் படிக்கிற மேசை ஒன்று தொடங்கியிருந்தார். நான்கு கால்களும் முடிந்து பத்திச் சுவரில் சாய்ந்து நின்றன. மேலே போடுவதற்கென்று, முடிச்சே இல்லாத நீளமான பலகைகளைத் தெரிந்தெடுத்து, வெயில் படாமல் சாக்கால் மூடி வைத்திருந்தார். அவற்றை ஒருவரும் தொடக்கூடாது.

அப்போதுதான் ஊரடங்கு வந்தது. யுத்த காலத்தில் எங்களுக்கு அது புதிதல்ல, ஆனால் அந்த முறை இன்றைக்கு எடுத்துவிடுவார்கள், நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்று பார்த்திருக்க நீண்டுகொண்டே போனது. நிர்மலாவுக்கு ஏற்கெனவே காய்ச்சல். வீட்டிலிருந்த குளிசையும் கொத்தமல்லித் தண்ணீரும்தான் மருந்து. வேலிக்கு மேலால் அவளுடைய தாய் பிலோமினா அன்ரி, "இண்டைக்குக் கொஞ்சம் குறைவு" என்று அம்மாவிடம் சொல்லுவா. அடுத்த நாள் அதையும் சொல்லவில்லை. ஒரு விடியற்காலையில் அவவுடைய அழுகைச் சத்தத்தில் நாங்கள் எழும்பினோம்.

வெயில் ஏறும்போது நிர்மலாவின் தகப்பன் அந்தோனி மாமா எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, பின்னேரம் கொஞ்ச நேரம் ஊரடங்கு எடுக்கினமாம். அதுக்குள்ள சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேணும். ரவுணுக்குப் போய்ச் சவப்பெட்டி எடுக்க ஏலாது. பிள்ளையைப் பாயில சுத்திக் கொண்டுபோகச் சொல்லீனம்." பலகைகள் இருந்த பத்திப் பக்கம் பார்த்து, "என்னால ஏலாது அண்ணை," என்றார்.

அப்பா ஓம் என்று மட்டும் சொன்னார். பத்திக்குள் போய்ச் சாக்கை விலக்கினார். அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போகவேண்டியவர், நெடுநேரம் அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா பிள்ளை. இந்த வாசல் நிலையோட நேரா நில்லு."

குசினி நிலையில் முதுகை ஒட்டி நின்றேன். உச்சியிலிருந்து குதிக்கால் வரை ஒரு சணல் கயிற்றைப் பிடித்தார். குதிக்காலுக்கு நேரே கயிற்றில் முடிச்சுப் போட்டார். மேசைக்குக் கதிரையில் இருத்தித்தானே அளவெடுப்பார், ஏன் நிற்கச் சொல்கிறார் என்று யோசித்தேனே தவிர, எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. அந்த நாளிலும் என் மேசையை நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து வந்தவ கயிற்றைப் பிடுங்கி எறிந்தா. "உயிரோட நிக்கிற பிள்ளையிலயோ அளவெடுக்கிறியள்? உங்களுக்கென்ன விசரோ?" அப்பாவிடம் அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். "அங்க போய் அந்தப் பிள்ளையில பிடிக்க எனக்கு ஏலாது," என்றார். அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய், உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டா. மிளகாய் வெடித்துக் கமறியது. அன்று முழுக்க என் கையை அவ விடவில்லை. எனக்கு எதனால் என்று தெரியாமலே பயம் பிடித்துக்கொண்டது.

பத்தியில் வாள் ஓடும் சத்தம் கேட்டது. முதல்முறையாக அப்பா எழுத்துகளையும் அம்புக்குறியையும் கிண்ணத்தையும் சீவி எடுத்தார். மூலைகளை ஆணியோடு விடாமல் பல்லுப்பல்லாகக் கொத்தி ஒன்றுக்குள் ஒன்று இறுக்கினார். அவர் செய்தவற்றிலேயே நொண்டாமல், இடைவெளியில்லாமல் அமைந்தது அது ஒன்றுதான்.

பின்னேரம் அந்தப் பெட்டியை நிர்மலா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; அம்மாவின் கையைப் பிடித்தபடி நானும் போனேன். தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் உடுத்த வெள்ளை உடுப்போடு நிர்மலாவைக் கிடத்தினார்கள். தலைப்பக்கம் சரியாகப் பொருந்தியது. கால்மாட்டில் இடம் இருந்தது. ஒரு சாணுக்கு மேலே இருக்கும். எனக்கு என்ன செய்தாலும் விடுகிற அதே இடம்.

எல்லோருக்கும் தெரிந்தது. பிலோமினா அன்ரிதான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "ஏன் அண்ணை இவ்வளவு இடம்?" என்று மெல்லக் கேட்டா.

அப்பாவின் வாயில் அந்தப் பழைய பதில்தான் வந்தது. "வளருற பிள்ளை எண்டு..." என்று தொடங்கினார். தொடங்கிய பிறகுதான் தான் சொல்வது அவருக்கே கேட்டது. சுவரோரம் நிலத்தில் குந்திவிட்டார்.

அன்ரி எழும்பி அறைக்குள் போனா. அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. புதுத் தவணைக்கென்று தைத்து வைத்த, இன்னும் ஒருநாளும் போடாத பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தா. அதன் விளிம்பை விரித்து, உள்ளே அகலமாக மடித்துத் தைத்திருந்த மடிப்பை அப்பாவுக்குக் காட்டினா.

"நானும் கூட்டித்தான் தைச்சு வைச்சனான் அண்ணை," என்றா. பிறகு அதை மடித்துப் பிள்ளையின் கால்மாட்டில் வைத்து, இடத்தை நிரப்பினா.

அதற்குப் பிறகு பல மாதம் பத்தியில் மணம் எழவில்லை. என் மேசையின் கால்கள் சுவரில் சாய்ந்தபடி கிடந்தன. பிறகு ஒருநாள் அப்பா அவற்றை எடுத்து, என்னை இருக்கவைத்து அளந்து, அளவுக்குச் சரியாகக் கட்டையாக வெட்டி, மேலே வேறு பெட்டிப் பலகை போட்டு மேசையை முடித்தார். ஒரு விரல்கூடக் கூடுதல் இல்லை. அடுத்த வருடமே என் முழங்கால் இடிக்கத் தொடங்கியது. "கொஞ்சம் உயர்த்திக் குடுங்கோவன்" என்று அம்மாவே கேட்டுப் பார்த்தா. அப்பா எழும்பிப் போனார். உயர்தரப் பரீட்சை வரைக்கும் காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் படித்தேன். முழங்கால் இடிக்கும்போதெல்லாம், நான் மட்டும் வளர்வது ஏதோ நான் செய்கிற பிழை என்று தோன்றும். வேலிக்கு மேலால் பிலோமினா அன்ரி என்னைப் பார்க்கும்போது கொஞ்சம் குனிந்து நிற்பேன்.

இப்போது அப்பா இல்லை. அந்தோனி மாமா வீட்டார் கடல் கடந்து போய், அந்த வளவில் வேறு யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். வேலி இருந்த இடத்தில் மதில். கிணற்றடிப் பத்தி விழுந்து, அந்த இடத்தில் மோட்டர் சைக்கிள் நிற்கிறது. துறைமுகத்துக்கு இப்போது எல்லாம் இரும்புக் கொள்கலன்களில்தான் வருகின்றன என்கிறார்கள். மேசையைக் கறையான் தின்றுவிட்டது.

வருடம் பிறந்தால் மகளுக்குச் சீருடை தைக்கக் கூட்டிப்போகிறேன். தையற்கார அக்கா நாடாவைத் தோளிலிருந்து முழங்கால் வரை பிடித்துவிட்டு, வாயில் குண்டூசியோடு என்னைப் பார்த்துக் கேட்கிறா: "வளருற பிள்ளை, கூட்டி விடட்டோ?"

மகள் கண்ணாடிக்கு முன்னால் பொறுமையில்லாமல் காலை மாற்றிக்கொண்டு நிற்கிறாள். ஓம் என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.