வெள்ளம் கேட்ட பிள்ளையும் மரம் சுமந்த கோமாளியும்

சபையாரே, என் மகள் ரூத் "வெள்ளம், வெள்ளம்" என்று தண்ணீருக்குக் கெஞ்சினாள். நான் கொடுக்கவில்லை. பெற்ற தாய் நான், பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கொடுக்கவில்லை.

அது மகர மாதம். செங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் வாந்திபேதி பரவி, சர்க்கார் ஆட்கள் கிணறு கிணறாக மருந்து ஊற்றிப் போனார்கள். விடியும்போது ரூத்துக்குக் கண்டது. உச்சிப்பொழுதுக்குள் கண் குழிக்குள் போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அந்த நோய்க்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்பதுதான் எங்கள் பக்கத்து நம்பிக்கை. வைத்தியரும் அதையே சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரின் அக்கா ஞானம்மா பானையை மூடி, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டி மக்கா, வெள்ளம் குடுத்தா ஆளு போயிரும் கேட்டியா. எனக்க பிள்ளைக்குக் குடுத்தேனாக்கும். போச்சு."

அதே நோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அவளை எதிர்த்து என்ன பேசுவேன்? உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. எழுந்தேன். மறுபடி போட்டேன். "கர்த்தாவே, கொடுக்கவா, வேண்டாமா? ஒன்றைச் சொல்லும்!" இவ்வளவுதான் என் ஜெபம். அதையும் கோபமாகத்தான் கேட்டேன்.

அப்போது ரூத் கண்ணைத் திறவாமலே முனகினாள். "அண்ணாச்சி, இத்திரி வெள்ளம் தாரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் தண்ணீர் கேட்கிற அது, பயாஸ்கோப் படத்தில் வருகிற பேச்சு.

கிறிஸ்மஸ் தோறும் நெய்யாற்றின்கரையில் பயாஸ்கோப் கொட்டகை போடுவார்கள். எப்போதும் அதே படம்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உயிர். ஒரு கோமாளி நீளமான மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு கடைவீதியில் போவான். அவன் திரும்பினால் மரம் யார் தலையிலாவது இடிக்கும். அடிப்பார்கள், துப்புவார்கள். விழுவான், எழுவான். கடைசியில், வழியோரம் சங்கிலியில் கிடக்கிற கைதி ஒருவன் வாயைத் திறந்து காட்டுவான். கோமாளி தன் குடுக்கைத் தண்ணீர் முழுவதையும் அவன் வாயில் ஊற்றிவிட்டு, குடுக்கையைக் கவிழ்த்துக் காட்டுவான். அதற்காகக் காவலாளிகள் கைதியை விட்டுவிட்டுக் கோமாளியையே கட்டி இழுத்துப் போவார்கள்.

படத்துக்குப் பேச்சு கிடையாது. பக்கத்தில் நின்று கதை சொல்லுகிறவர்தான் எல்லாருக்காகவும் பேசுவார். கைதிக்காக, "அண்ணாச்சி, இத்திரி வெள்ளம் தாரும்" என்பார். கோமாளிக்காக, "குடிலே, வீட்டுல வேற உண்டு" என்பார். கொட்டகையே சிரிக்கும். ரூத் வீட்டில் அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

பாயின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மரம் சுமந்தான். துப்பப்பட்டான். தாகத்தோடு கிடந்தவனுக்கு மிச்சம் வைக்காமல் ஊற்றினான். கைதிக்குப் பதிலாகக் கட்டுண்டு போனான். ஞாயிறு தவறாமல் சிலுவைப் பாடுகளைக் கேட்கிற நான், அத்தனை கிறிஸ்மஸும் அந்த மரத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்! சிலுவையில் தாகத்தால் தவித்தவரா ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்பார்?

"அக்கா, எழும்புங்க."

"எட்டி, நீ பிள்ளைய கொல்லப் போறியா?"

"அவ கேக்கா. நான் குடுப்பேன்."

கஞ்சித்தெளிவில் உப்புப் போட்டு, பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். முதலில் வாந்தி எடுத்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டார். நான் நிறுத்தவில்லை. அந்தி சாயும்போது கிள்ளின தோல் படிந்தது. பிறகு மூத்திரம் போனாள். அதற்கு அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்ன தாய் நான், சிரிக்காதீர்கள்.

அக்காவின் பிள்ளை ஏன் போனது, என் பிள்ளை ஏன் பிழைத்தது? கர்த்தரிடம் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "வெள்ளம் குடுத்ததுனால இல்லக்கா" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு அக்காவும் முதல்முறையாக எங்களோடு கொட்டகைக்கு வந்தாள். மரம் வந்தது. ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். கோமாளி குடுக்கையைக் கவிழ்த்தான். கதை சொல்லுகிறவர் வழக்கம்போல, "குடிலே, வீட்டுல வேற உண்டு" என்றார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இல்ல! அவனுக்கு வேற இல்ல! உள்ளதெல்லாம் குடுத்தானாக்கும்!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அவள் பிள்ளை போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது எந்த வீட்டில் வாந்திபேதி என்றாலும், கஞ்சித்தெளிவும் உப்புமாக முதலில் போய் நிற்கிறவள் எங்கள் அக்கா. சபையாரே, தாகம் உள்ளவர்கள் கர்த்தரிடம் கூசாமல் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் கேளுங்கள். தமக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டு கொடுக்கிறவர் அல்ல அவர்.