இரண்டு மிஸ்டு கால்

சத்தியமாக நடந்தது இது. வெளியே சொன்னால் நானே மாட்டுவேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

என் பெயர் அன்சார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வேன் ஓட்டுகிறேன். பெட்டிகளுக்கு அடியில் வேறு சரக்கும் போகும். கூமாப்பட்டி இருளப்பசாமி அண்ணன் மலையடிவாரத்தில் எறும்புத்தின்னி பிடிப்பார். நான் அதை ராஜபாளையத்தில் ராம்கியின் குடோனில் சேர்ப்பேன். அதற்கு மேல் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. கேட்ட ஒருவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

போனில் பேசவே மாட்டோம். ஒரு மிஸ்டு கால் என்றால் சரக்கு ரெடி. இரண்டு என்றால் வனத்துறை நிற்கிறது, வராதே.

செவ்வாய்க்கிழமை பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வண்டிக்குள் கிடந்தது. வந்து பார்த்தால் அண்ணனிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். அந்தப் பக்கமே போகவில்லை.

வியாழன் மதியம் 1.10. ஒரு மிஸ்டு கால்.

1.50க்கு, வழக்கமாகச் சரக்கு ஏற்றும் மாந்தோப்பில் இருந்தேன். அண்ணன் சாக்கோடு நின்றார். மழையே இல்லை... கைலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு காலில்தான் செருப்பு. எப்போதும் பீடி கேட்பவர், அன்று கேட்கவில்லை.

"ரெண்டு மட்டம் போன் அடிச்சேன், பாய்."

"ஆமாண்ணே. அதான் வரல."

"ம்."

சாக்கோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

சுந்தரபாண்டியம் தாண்டும்போது மணி 2.12. பின்னாலிருந்து டொக்... டொக்... பெட்டி ஆடுகிறது என்று நினைத்தேன். பெட்டிகளை நான்தான் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

"அண்ணே?"



நிறுத்தி, கதவைத் திறந்தேன்.

சாக்கு மட்டும். ஈரமாக.

வண்டி நடுவில் எங்கும் நிற்கவில்லை.

எனக்குப் பயம்கூட வரவில்லை. மனசு மரத்துவிட்டது. ராஜபாளையம் போய் இறக்கினேன். ராம்கி சாக்கை அவிழ்த்தான். மூக்கைப் பொத்தினான்.

"ஏலே, இது செத்து ரெண்டு நாளாச்சே."

வெள்ளிக்கிழமை அண்ணனை அதே மாந்தோப்புக் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். தவறி விழுந்திருக்கிறார். கால் முறிந்திருந்தது. ஒற்றைச் செருப்பு. போன் சேற்றுக்குள் செத்துக் கிடந்தது.

துட்டி கேட்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி யோகேஸ்வரி சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"பொதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்திச்சாம், பாய். டாக்டரு சொல்லுதாரு. யாரையாச்சும் ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம்லா..."

தலையை ஆட்டினேன். காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

என் போனில் அவர் நம்பர் இன்னும் இருக்கிறது. செவ்வாய் 4.20. செவ்வாய் 4.21.

வியாழன் 1.10.