இடைநிறுத்தம் என்றொரு பொத்தான்

அரியாலைப் பெடியன் அவன். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துகளைக் கணினியில் எழுதும் முறையைச் செய்து தர வந்தவன். தாதியான என்னிடம்தான் எல்லாம் கேட்டுப் படித்தான். "அக்கா, ஒரு மருந்தின்ரை சீவியத்தை முழுசாச் சொல்லுங்கோ" என்று என் வீட்டுக் குசினி வரைக்கும் வந்துவிட்டான். புட்டும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்துச் சொன்னேன். டொக்டர் எழுதுவார், மருந்தாளர் எடுத்துத் தருவார், நாங்கள் நோயாளிக்குக் கொடுப்போம், தேவை முடிந்தால் டொக்டர் நிறுத்துவார். சத்திரசிகிச்சை என்றால் சில நாள் இடைநிறுத்துவதும் உண்டு.

"நிப்பாட்டுறது வேறை, இடைநிறுத்திறது வேறை. இடைநிறுத்தினால், திருப்பித் தொடங்கச் சொல்லிக் கணினி எங்களை நச்சரிக்கவேணும்" என்றேன்.

"ஓம் அக்கா, அதுக்கொரு பொத்தான் கட்டாயம் போடுறன்."

கணினி முறை தொடங்கிய அன்று பார்த்தால், திரையில் 'நிறுத்து' மட்டும்தான் இருக்கிறது. "நேரம் காணாமப் போச்சு அக்கா, அடுத்தமுறை போடுவம்" என்று என் காதுக்குள் சொன்னான். அதோடு விட்டானா? அன்றைய கூட்டத்தில் பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் எழும்பி நின்று, "எல்லாம் அக்கா சொன்னபடிதான் செய்திருக்கு" என்றானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்க, பிறகு கதைப்போம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

என் அண்ணை கொடிகாமம் சந்தையில் மரக்கறி ஏலம் கூறுகிறவர். அவருடைய குரல்தான் அவருடைய சோறு. இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை போடுவார். குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அந்தக் குளிசையைக் கொஞ்ச நாள் இடைநிறுத்த நினைத்த டொக்டர், இருந்த ஒரே பொத்தானை அழுத்தினார். வீட்டுக்கு விடும்போது கணினி காட்டிய மருந்துகள் மட்டும் பையில் போயின. நான் வேறு நோயாளர் விடுதியில் வேலையாக இருந்தேன். பையில் இல்லாத குளிசையை டொக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்றுதான் அண்ணை நினைத்தார்.

சில கிழமைக்குள் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. பேச்சு மட்டும் இன்றுவரை வரவில்லை. அதன்பிறகு அவரை என் வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெடியன் தோடம்பழப் பையோடு பார்க்க வந்தான். அண்ணை அவனை இருக்கச் சொல்லப் பார்த்தார். தொண்டையிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. அவன் அழத் தொடங்கிவிட்டான். என் கையால் சாப்பிட்டவன், என் பெயரையே சொல்லி என்னை விற்றவன், என் வீட்டுக்குள் நின்று அழுகிறான்!

"அக்கா, உங்கடை அண்ணைக்கு இப்பிடி வருமெண்டு தெரிஞ்சிருந்தால், எப்பிடியாவது அதைப் போட்டிருப்பன்" என்றான்.

பழப்பையைத் தூக்கி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப, வேறை ஆரின்ரையும் அண்ணையெண்டால் பரவாயில்லையோடா?"