வெட்டி எறிந்த நாற்பது பக்கங்கள்

பெங்களூர் வைட்ஃபீல்ட் வீட்டில் என் மேசைமேல் ஒரு பின்னிஷ் நாவலின் தடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கிடக்கிறது. ஓரமெல்லாம் சாணிக் கறை. அதை எழுதியவர் பின்லாந்தின் வடகோடியில் இருபது மாடு வைத்திருந்த விவசாயி. கறவை முடிந்ததும் தொழுவத்திலேயே உட்கார்ந்து எழுதுவார். போன மாதம் அவர் இறந்தபின் மகள் அனுப்பிவைத்த பிரதி இது. ஆபீஸ் வேலையாக அங்கே போன நான், ஒரு குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். நாவலைத் தமிழில் கொண்டுவருகிறேன் என்று வீராப்பாகச் சொன்னதும் நான்தான். யார் கேட்டார்கள்?

நாவலின் நடுவே நாற்பது பக்கம் புல்லறுப்பு. அங்கே ஒரு வீட்டுப் புல்லை அறுக்க ஊரே கூலியில்லாமல் வரும். வீட்டுக்காரர் சாப்பாடு போட்டால் போதும். வந்தவர்களில் யார் இடதுகையால் அரிவாள் வீசினார், யார் பசியில் முனகினார் என்பதுவரை பெயர் சொல்லி எழுதியிருந்தார். "அவர்களில் ஒருவரும் இன்று இல்லை. இந்தப் பக்கங்களை விட்டால் அவர்களுக்கு வேறு இடமும் இல்லை" என்றார் ஒருநாள். கோலார் தங்கவயலில் என் அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கியவர்களைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லையே என்று நானும் பதிலுக்குப் புலம்பினேன். எல்லாம் தெரிந்த மனுஷன்தான் நான்!

தொம்மலூர்ப் பதிப்பாளர் சுலபமாக முடித்தார். "என்னா சார் இது, புல்லு அறுக்கறத நாப்பது பக்கம் எவன் படிப்பான்? தூக்கிடுங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, அடுத்த மாசமே புக்கு வந்துடும்."

அட்டையில் என் பெயரைப் பார்க்கிற ஆசை. தூக்கினேன். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா உயிரோடிருந்தால் செவுளில் ஒன்று விட்டிருப்பார்.

வெளியீட்டுக்கு அவரே பெங்களூர் வந்தார். மாடுகளைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, பதினோரு வருடத்தில் எடுத்த முதல் விடுப்பு. புத்தகத்தை வாங்கிப் புரட்டியவர், ஏன் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு புரண்டது.

"தமிழ் சுருக்கமான மொழி. நாலு வரியை ஒரு வரியில் சொல்லிவிடும்" என்றேன்.

நம்பிவிட்டார். மேடையேறி மைக்கைப் பிடித்து, "புல்லறுக்க வந்த என் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இவ்வளவு சின்ன இடத்தில் உட்கார இடம் கொடுத்த மொழிக்கு நன்றி" என்றார்.

கூட்டம் கைதட்டியது. நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.