ஒரே நாற்பது சவரன்

போன வருடம், என் கணவர் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஐம்பது வயதைத் தாண்டிய சிலரை ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. இருந்தும், அன்று சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலில் இவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பலர் ஆவடி அரசுத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். எங்களுக்கு அது கிடையாது. நாங்கள் சேர்த்ததுதான்.

சேர்த்தது இரண்டு வகை. இவர் சம்பளத்தில் மாதாமாதம் பங்குச்சந்தை ஃபண்டுக்குப் போனது ஒன்று. மகள் பிறந்ததிலிருந்து நான் நகைச்சீட்டுக் கட்டி எடுத்த நாற்பது சவரன் இன்னொன்று. இனிமேல் எதில் போடுவது என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ரசீதுகளையும் ஃபண்டு அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டேன். செய்கூலி, சேதாரத்தைக் கழித்த பிறகும் தங்கம் தோற்கவில்லை. சந்தை இறங்கிய மாதங்களில் இவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே செல்போனை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். தங்கம் எங்களை அப்படிப் படுத்தியதில்லை. இருப்பதை வைத்து எண்பது வயதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்கு சொன்னது.

மகளிடம் காட்டினேன். ஐ.டி.யில் வேலை, எனக்கு எக்செல் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பார்த்துவிட்டு, அதே ஃபைலில் அவள் கல்யாணச் செலவுக்கு நான் முன்பே போட்டு வைத்திருந்த பக்கத்தையும் திறந்தாள்.

“யம்மா, இந்த நாப்பதும் அந்த நாப்பதும் ஒரே நாப்பதா?”

இரண்டிலும் இருந்தது அதே நாற்பது சவரன்தான். இரண்டு பக்கத்தையும் டைப் செய்தது நான்தான். சீட்டுக் கட்டும்போதெல்லாம் அது அவளுக்கு என்றுதான் கட்டினேன். பயம் வந்தபோதெல்லாம் அது எங்களுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இந்த இரண்டு நினைப்பும் ஒருமுறைகூட ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை.

இவர் எட்டிப் பார்த்தார். “ஷேர் இறங்குனாவாவது செல்லுல செவப்பா காட்டும். உன் தங்கம் பாதி காணாமப் போனதே தெரியல பாரு.”

“பாதி இல்லப்பா, முழுசு” என்றாள் மகள். “எனக்கு எதுவும் வேணாம். நீங்களே வெச்சுக்கோங்க.”

“நீ வேணான்னுடுவே. வர்றவங்க சொல்லணுமே” என்றேன்.

அடுத்த மாதம் பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

“நாங்க எதுவும் கேக்கலைங்க. உங்க பொண்ணுக்கு நீங்க போடறதுதான். எவ்ளோன்னு தெரிஞ்சா, சொந்தக்காரங்க கேட்டா சொல்லலாம், அவ்ளோதான்.”

நாற்பது என்று சொல்வதற்காகத்தான் இருபத்தைந்து வருடம் சீட்டுக் கட்டியிருந்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபது” என்றேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “இருபதுங்களா... சரிங்க, வீட்ல பேசிட்டு சொல்றோம்.”

அவர்கள் போன பிறகு, ஓய்வுக்காலப் பக்கத்தில் நாற்பதை அழித்துவிட்டு இருபது என்று போட்டேன். கணக்கு எண்பது வயதுவரை வரவில்லை. இனி மிச்சம் பிடிப்பது ஃபண்டுக்கே போகட்டும் என்று இவர் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

பத்து நாளாகிறது, பூந்தமல்லியிலிருந்து ஃபோன் வரவில்லை. மகள் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. முப்பது என்று சொல்லியிருக்கலாமோ என்று தினமும் ஒருமுறையாவது தோன்றுகிறது. ஃபைலைத் திறக்கிறேன், இருபதைப் பார்க்கிறேன், மாற்றாமல் மூடிவிடுகிறேன்.