மூன்றாம் தூணடியில் எடுத்த படம்

ஐரோப்பாச் சுற்றுலா, பன்னிரண்டு நாளில் ஏழு நாடு என்று கேட்டபோதே எனக்கு எரிச்சல் வந்தது. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நாற்பத்திரண்டு பேர், முக்கால்வாசி ஓய்வூதியக்காரர், ஒவ்வொரு பெட்டியிலும் பாதி இடம் வறுத்த மாவும் மிளகாய்த்தூளும் ஊறுகாய்ப் போத்தலும். பஸ் வெளிக்கிட்டால் பாட்டுக்குப் பாட்டு. ஒரு தேவாலயத்துக்கு இருபது நிமிடம், ஒரு அரண்மனைக்கு அரை மணி, கழிப்பறை வரிசைக்கு முக்கால் மணி. இதற்கெல்லாம் நான் ஆளில்லை. அக்காவுக்காகத்தான் போனேன். அதையும் பத்து வருடம் தள்ளிப்போட்ட பிறகுதான் போனேன்.

அக்காவுக்கு ஏழு நாடும் தேவையில்லை. ஒரு நகரம், அதன் நடுவில் இருக்கும் பழைய சதுக்கம், அவ்வளவுதான். அந்த நகரத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழியில் பாதியை ஊரின் தலையில் போட்டுவிட்டேன் என்று எனக்கே தோன்றும்.

அக்காவிடம் ஒரு படம் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தின் நீரூற்றுக்கு முன்னால் அத்தான் நிற்கிறார். அவருக்குப் பின்னால் மணிக்கூட்டுக் கோபுரம். தோள் தொங்கும் நீல நிறக் கோட். சிரிக்க நினைத்து, குளிரில் சிரிப்பு வராமல் நிற்கும் முகம். பின்பக்கத்தில் நகரத்தின் பெயரும், அதன் கீழே ‘சுகமாக இருக்கிறேன். கோட் இரவல்’ என்ற வரியும் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. முப்பது வருடங்களுக்கு முன்பு, கல்யாணமாகி மூன்றாம் மாதம் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட மனிதரிடமிருந்து அக்காவுக்கு வந்த கடைசித் தகவல் அதுதான்.

அவருடன் வெளிக்கிட்டவன் நான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கொழும்பில் எங்களை வழியனுப்பிய அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு இங்கிலிஸ் ஓடாது தம்பி. நீதான் பாத்துக்கொள்ள வேணும்” என்றார். எனக்கு ஓடிய இங்கிலிஸும் பெரிய இங்கிலிஸ் இல்லை. இருந்தாலும் ஏதோ நாலு வார்த்தை விளங்கும், நாலு வார்த்தை சொல்லுவேன்.

ரொறன்ரோவுக்கு நான் வந்து சேர்ந்தேன். அத்தான் வரவில்லை. அந்த நகரத்துக்குப் போவதற்கு முந்திய எல்லையிலேயே, களவாகக் கூட்டிப்போன ஏஜென்ட் எங்களைப் பிரித்துவிட்டான், அவரை வேறு வாகனத்தில் ஏற்றிவிட்டான், அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை என்று வீட்டுக்குச் சொன்னேன். முதலில் தொலைபேசியில் சொன்னேன். அக்கா கனடாவுக்கு வந்த பிறகு நேரில் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் வாகனத்தின் நிறம்கூடச் சேர்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். சோறு போதுமான அளவு இருந்தால் சரி, முப்பது வருடமும் மறைக்கலாம்.

அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு கதை வந்தது. அங்கே இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை. அக்கா எழுதாத அலுவலகமில்லை. பதில் எல்லாம் ஒன்றுதான்: தகவல் இல்லை. செத்தார் என்று எவரும் சொல்லாதபடியால் அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி நடக்கவில்லை. திவசம் செய்வதற்குத் திதி இல்லை. கல்யாண வீடுகளில் ஆராத்தித் தட்டைத் தூக்கும் நேரம் வந்தால் அக்காவை எவரும் முன்னுக்குக் கூப்பிட மாட்டார்கள். பின்னுக்கு நில் என்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா தானாகவே எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார். அந்த நடையை நான் எத்தனை மண்டபங்களில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் வாய் திறக்கவில்லை.

போன வருடம் கண் டொக்டர் சொன்னதைக் கேட்டு அக்கா விட்பியிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணில் ஏறிவிட்டது. ஒரு கண் ஏற்கெனவே மங்கல். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

“கண் தெரியுமட்டும் ஒருக்கா அந்த இடத்தைப் பாத்திட வேணும். நீ வராட்டி நான் தனியப் போறன்.”

முழங்கால் நோ, வேலை, குளிர் என்று நான் வைத்திருந்த சாட்டுகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. “வாறன்” என்றேன்.

பஸ் எங்களை அந்தச் சதுக்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி இறக்கியது. ஒன்றரை மணி நேரம் தந்தார்கள். கல் பதித்த தெருவில் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வளைவு வாசலைத் தாண்டியதும் சதுக்கம் விரிந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. பயந்து பார்த்த இடங்கள் நினைவில் பெருத்துவிடும்போல. நான்கு பக்கமும் பழைய வீடுகள், ஒரு பக்கம் முழுக்கக் கல்தூண் நடைபாதை, நடுவில் நீரூற்று, எதிரில் கோபுரம். முன்பு கரி பிடித்துக் கறுத்திருந்த சுவர்களுக்கு இப்போது இளமஞ்சளும் ரோசாவும் பூசியிருந்தார்கள். குதிரை வண்டிகள், ஐஸ்கிறீம், கல்யாணச் சோடி ஒன்றுக்குப் படமெடுப்பு. எங்கள் கூட்டத்து அன்ரி ஒருவர் “என்ன வடிவு, என்ன வடிவு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அக்கா கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அதை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நீரூற்றைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்து, அத்தான் நின்ற கல்லைத் தேடினார். நீரூற்றின் சுற்றுக்கல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. படத்திலும் அது உடைந்துதான் இருந்தது. அந்த இடத்தில் போய் நின்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“அவரின்ரை படம் மாதிரியே ஒண்டு எடு தம்பி” என்றார்.

போனை வாங்கிக்கொண்டு போனேன். அங்கேதான் பிழை விட்டேன். யோசிக்கவே இல்லை. கால் தன்பாட்டுக்கு நடந்தது. தூண் நடைபாதைக்குப் போய், மூன்றாம் தூணில் இடது தோளைச் சாய்த்து, வலது முழங்காலைக் கல்லில் ஊன்றிப் போனைத் தூக்கினேன். நின்றபடி எடுத்தால் கோபுரத்தின் மணிக்கூடு படத்துக்குள் வராது. அப்படிக் குந்தினால்தான் ஆளும் மணிக்கூடும் ஒன்றாக அகப்படும். படம் எடுக்கும் முன்பே அக்கா முன்னுக்கு நடந்து வரத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் வந்து நின்று பழைய படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். படத்தின் இடது ஓரத்தில் ஒரு விரலளவு கறுப்பாகத் தூணின் விளிம்பு தெரிந்தது.

“இந்தப் படம் என்ரை கையிலை இருக்கு. நீ அதைத் திரும்பியும் பாக்கேல்லை” என்றார். “நேர வந்து இந்தத் தூணடியிலை குந்தினாய். இஞ்ச குந்தினாத்தான் மணிக்கூடு விழுமெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

நான் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே இருந்தேன்.

“இதை எடுத்தது நீதானே?”

“ஓம்” என்றேன்.

அதற்குப் பிறகு முழுவதையும் சொன்னேன். அந்த நகரத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தோம். நாலு பேருக்கும் ஒரு நீலக் கோட். வீட்டுக்கு அனுப்ப ஒவ்வொருவராக அதைப் போட்டுக்கொண்டு இந்த நீரூற்றடியில் படமெடுத்தோம். என்னுடைய படத்தை நான் கிழித்துவிட்டேன். பகலில் அறையில் இருக்கக் கூடாது என்பது ஏஜென்டின் கட்டளை. அதனால் நாள்தோறும் இங்கே வந்து, சுற்றுலாக்காரர் மாதிரி, நாலு பேரும் நாலு மூலையில் நிற்போம். ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது. ஒருவன் பிடிபட்டால் மற்றவன் திரும்பியும் பார்க்கக் கூடாது. அந்த விதியைக் காலையும் மாலையும் எங்களைக்கொண்டே திருப்பிச் சொல்லவைப்பான்.

படம் எடுத்து ஆறாம் நாள் இரண்டு பொலிஸ்காரர் அத்தானை மறித்தார்கள். அன்றைக்குக் கோட் போடுவது அவருடைய முறை. ஏதோ கேட்டார்கள். அவருக்கு விளங்கவில்லை. ஆட்களுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்னைக் கண்டு, “தம்பி” என்று கூப்பிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூப்பிடவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று சொல்லித் தரத்தான் கூப்பிட்டார். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது.

பொலிஸ்காரரில் ஒருவர் என்னிடம் வந்தார். அத்தானைக் காட்டி, இவரை உனக்குத் தெரியுமா என்று இங்கிலிஸில் கேட்டார். தெளிவான, சின்ன இங்கிலிஸ். எனக்கு நன்றாக விளங்கியது. தெரியாது என்றேன். இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் சொன்னேன். ஏஜென்ட் தந்த என்னுடைய கள்ள மலேசியப் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். அத்தானை அந்த வளைவு வாசலால் கொண்டு போனார்கள்.

ஏஜென்டின் விதியைச் சாட்டுவது சுலபம். நானும் பல வருடம் எனக்குள் அதைத்தான் சாட்டினேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு ஒரு விதியும் ஞாபகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது. என்னை விட்டால் போதும் என்றிருந்தது. அக்காவிடம் அதையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. நான் அழுதேன். வழியில் போனவர்கள் பார்த்தார்கள்.

“நீ தெரியாதெண்டு சொன்னது அவருக்குக் கேட்டதோ?”

“கேட்டிருக்கும். கிட்டத்தான் நிண்டவர்.”

“பிறகு உன்னைக் கூப்பிட்டவரோ?”

“இல்லை. அதுக்குப் பிறகு கூப்பிடேல்லை.”

அக்கா திரும்பி நீரூற்றடிக்குப் போனார். உடைந்த மூலைக்குப் பக்கத்தில் முன்பு போலவே நின்றார். “எடு. வந்த வேலையை முடி” என்றார். எடுத்தேன். படத்தில் கோபுரம் சரிந்துவிட்டது.

மிச்சம் ஏழு நாளும் பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். இடம் மாற்றினால் நாற்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதற்காக இருந்திருப்பார். நான் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்கினார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பின்னுக்கிருந்தவர்கள் பாட்டுக்குப் பாட்டு நடத்திக்கொண்டேயிருந்தார்கள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி ஐந்து கிழமை கழித்துப் போன் எடுத்தார். நான் வேலைக்குப் போகும் ரெயினில் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்டைக்கு என்ன திகதி?” என்றார்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. திகதியைச் சொன்னேன்.

“விடியவோ பின்னேரமோ?”

“மத்தியானம். மணிக்கூடு பன்னிரண்டு அடிச்சு முடிஞ்ச கையோட.”

அரை மணியில் மறுபடி எடுத்தார். கோயில் ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டாராம். மார்கழி, தேய்பிறை அட்டமி. “ஐயர், செத்த நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம் எண்டவர். நான் மாட்டனெண்டிட்டன்” என்றார். “அவருக்கு ஆக்கள் இல்லாமல் போன நாள் அதுதான். எனக்கு இனி அதுதான் திதி.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எனக்குக் கோவம் போயிட்டுதெண்டு நினையாதை. போகேல்லை. போகாது. ஆனா எனக்குப் பிள்ளையில்லை, அவரின்ரை பக்கத்திலையும் ஒருத்தரும் மிச்சமில்லை. நீதான் இருந்து செய்ய வேணும். நான் இருந்தாலும் செத்தாலும் வருசா வருசம் செய்ய வேணும்.”

மார்கழியில் அந்த அட்டமியன்று நானும் அக்காவும் மட்டும்தான் கோயிலின் பின்மண்டபத்துக்குப் போனோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கியபோதுதான் அக்காவின் நெற்றியைக் கவனித்தேன். வெறுமையாக இருந்தது. கழுத்தும் வெறுமை. நான் தெரியாது என்று சொன்ன நேரத்தில் விதவையானவர், அறுபது வயதில் அதைத் தெரிந்துகொண்டு, விடிய எழும்பித் தன் கையாலேயே கழற்றியிருக்கிறார்.

என்னை மணையில் இருத்தினார்கள். தர்ப்பையை விரலில் மாட்டினார்கள். எள்ளும் தண்ணீரும் முன்னால் இருந்தன. ஐயர் இளம் ஆள். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

“செத்தவர் உங்களுக்கு ஆர்?”

அக்கா சுவரோரம் கதிரையில் இருந்தார். நல்ல கண் என் பக்கம் திரும்பியிருந்தது.

“அத்தான்” என்றேன்.

குரல் எழும்பவில்லை. மந்திரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

“கேக்கேல்லை. ஆர்?”

“என்ரை அத்தான். என்ரை அக்காவின்ரை மனுசன்.”

ஐயர் தலையாட்டிவிட்டு எள்ளை எடுக்கச் சொன்னார். அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் எள்ளை எடுத்துத் தண்ணீர் விட்டேன்.