கரடி ஊதிய காபி

முனுசாமி போய்விட்டார் என்று பாலக்கோட்டு பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது நான் கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "மக வூட்டுல படுத்தவரு காலையில எந்திரிக்கலீங்க" என்றார். பால் பொங்கி வழிந்தது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய அவரைக் காரிமங்கலம் சந்தைக்கு வருகிற உங்களுக்கெல்லாம் தெரியும். வேட்டி கட்டிய நரி, துணி அளக்கும் பூனை என்று நம் பக்கத்துச் சுவர்களில் நின்று சிரிக்க வைக்கிற அவருடைய படங்களும் தெரியும். அவை எப்படிப் பிறந்தன என்பது பலருக்குத் தெரியாது. பயத்தில் பிறந்தவை அவை.

யுத்தத்துக்கு முன்னால், நான் காபி கிளப் திறந்த புதிதில், சுவரில் ஒரு படம் போடச் சொன்னேன். மனிதர் என் வாடிக்கைக்காரர்களையே வரைந்துவிட்டார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் தரகர்கள், பேப்பர் படிக்கும் வாத்தியார், நடுவில் கன்னத்தை உப்பிக்கொண்டு காபியை ஊதும் மணியக்காரர். கடை இருந்த இடமே மணியக்காரருடையது.

"சந்தைக்கு வர்றவனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கா எடம் குடுத்தேன்? அடுத்த சந்தைக்குள்ள என் மூஞ்சி அங்க இருக்கக் கூடாது. இருந்தா கடையைக் காலி பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுண்ணாம்பைக் கரைத்தே விட்டேன். முனுசாமி வாளியைப் பிடித்துக்கொண்டார். "மூஞ்சிதானுங்க கூடாதுன்னாரு. மூஞ்சியை மட்டும் எடுத்துடறேன்."

எடுத்தார். தரகர்கள் நரிகளானார்கள். வாத்தியார் ஆடாகி, பேப்பரைப் படித்தபடியே ஓரத்தைத் தின்றார். மணியக்காரரின் தலைப்பாகையும் டவராவும் அப்படியே இருக்க, ஒரு கரடி கன்னத்தை உப்பி ஊதியது.

சந்தையன்று மணியக்காரர் வந்தார். காபியை ஊதப் போனவர் சுவரைப் பார்த்தார். உப்பின கன்னம் உப்பினபடியே நின்றது. மூச்சை விட்டுவிட்டு, "இதுல நீ எதுப்பா?" என்று முனுசாமியைக் கேட்டார். அவர் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு குரங்கு தன் வாலையே பெயிண்டில் தோய்த்துப் பலகை எழுதிக்கொண்டிருந்தது. மணியக்காரர் சிரித்த சிரிப்பில் காபி முழுவதும் அவர் வேட்டியில்.

அப்புறம் அவரே சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினார். கரடி யாரென்று மட்டும் வாய் திறக்கவில்லை. எதிர்க்கடை ஜவுளிக்காரரோ சண்டைக்கே வந்துவிட்டார். "எல்லாரையும் போட்டீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன், மனுசனாவே கெடக்கணுமா?" அப்படித்தான் பூனை துணி அளந்தது. பிறகு முனுசாமிக்கு ஊர் ஊராக அழைப்பு.

உமக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் என்று ஒருநாள் கேட்டேன்.

"தைரியமா? நடுங்கிப் போயிட்டனுங்க. அதனாலதான் மொதல்ல எனக்கு வாலை வெச்சுக்கிட்டேன்" என்றார்.

பாலக்கோட்டுக்கு நாங்கள் போனபோது மணியக்காரரும், தள்ளாத வயதில், என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உடலருகே குனிந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "முனுசாமி, கரடி வந்திருக்கேம்பா" என்றார். அழுதுகொண்டிருந்த மகளே சிரித்துவிட்டாள்.

முனுசாமியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, சாவு வீட்டில் கேட்ட அந்தச் சிரிப்பைத்தான்.